தோட்டாப் பெட்டி வாங்கும்முன்

பாலிக் புலாவில் பழத்தோட்டமும் அதற்கென உரிமம் பெற்ற துப்பாக்கியும் வைத்திருக்கிறேன். பினாங்கின் ஈரக்காற்றில் தோட்டாவின் பித்தளை அடிப்பாகம் பச்சை பிடிக்கும். ஆகவே மூடியில் ரப்பர் பட்டை உள்ள இரும்புப் பெட்டியே என் தேர்வு. வாங்குமுன் விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவி வந்தால் வேண்டாம். நான்கு பக்கமும் சோதியுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பெரிய பெட்டிக்கு ஆசைப்படாதீர்கள், தோட்டாவுக்குள் இருக்கும் ஈயம் கனக்கும். தோட்டாக்கள் 25 அடங்கிய அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். அளவும் வகையும் அதில்தான் அச்சாகியிருக்கும். கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். எண்ணெய் தெளிப்பது வீண்வேலை: உள்ளே கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். பூட்டு கட்டாயம், துப்பாக்கி வேறு அலமாரியில், சாவியும் வேறு. தகரக் கூரைக்கு அடியிலும் காருக்குள்ளும் வைக்கவே வேண்டாம்.