ஜாமீன் தொகையைத் தம்பி கட்ட வேண்டியதில்லை
காரைக்குடியில் என் சித்தப்பா மகனுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை, ஒர்க் பெர்மிட்டில். ஏஜெண்ட் 'ஜாமீன் பணம்' என்று தனியாக ஒரு தொகை கேட்க, சித்தி நகையை அடகு வைக்கவே கிளம்பிவிட்டார். நான் விடவில்லை. மலேசியர் அல்லாத ஒவ்வொரு ஒர்க் பெர்மிட் தொழிலாளிக்கும் 5,000 சிங்கப்பூர் டாலருக்கு ஜாமீன் நிற்க வேண்டியது வேலை கொடுக்கும் கம்பெனிதான், வங்கி உத்தரவாதமாகவோ இன்சூரன்ஸ் உத்தரவாதமாகவோ, அதுவும் ஆள் அங்கே போய் இறங்கும் முன்பே. அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் விதி. அந்த விதியை ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அண்ணே, ஜாமீன் பணம் என்று எழுதி ரசீது கொடுங்கள், கட்டுகிறோம்" என்றேன். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். நகையை அடகு வைத்து, பிள்ளைகளைக் கடனாளியாக்கித்தான் கப்பலேற்ற வேண்டுமா? உங்கள் வீட்டில் யாராவது கிளம்பினால் முதலில் இதைக் கேளுங்கள்.