நாஸில் 12 டெராபைட் மாட்டினால் கையில் எவ்வளவு நிற்கும்?

மூன்று 4 டெராபைட் டிஸ்க் வாங்கி, ரெய்டு 5 (ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்க்கும் முறை) அமைத்து முடித்தபோது என் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) காட்டியது 7.2 டெராபைட் சொச்சம். மீதி எங்கே போனது என்று புரிய எனக்குச் சில நாள் ஆனது. டிஸ்க்கை மாட்டும் முறை பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கும். நேராகக் கணக்குக்கு வருவோம்.

படி 1: ரெய்டுக்குப் போவதைக் கழியுங்கள். ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் அளவு போகும், ரெய்டு 6-ல் இரண்டு. இரண்டு டிஸ்க் போட்ட ரெய்டு 1-ல் பாதிதான் மிஞ்சும். ரெய்டு 0-வில் எதுவும் குறையாது, ஆனால் ஒரு டிஸ்க் செத்தால் எல்லாமே போய்விடும். வீட்டுப் படங்களை அதில் வைக்கவே வைக்காதீர்கள்.

படி 2: மிஞ்சியதை 0.909-ஆல் பெருக்குங்கள். டிஸ்க் அட்டையில் ஒரு டெராபைட் என்பது லட்சம் கோடி பைட். நாஸ் மென்பொருள் பெரும்பாலும் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் ஒரு டெராபைட் கிட்டத்தட்ட 1,09,951 கோடி பைட். இந்த அளவுக்கு 1998-லேயே டெபிபைட் என்று தனிப்பெயர் வைத்தாயிற்று, ஆனாலும் பல திரைகளில் டிபி (டெராபைட்) என்றே வருகிறது. என் 8 டெராபைட் 7.27 ஆனது இப்படித்தான்.

படி 3: ஸ்னாப்ஷாட்டைப் பாருங்கள், அதாவது கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்துவைக்கும் பதிவை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இடம் நிரம்புகிறதே என்று 600 ஜிபி பழைய வீடியோக்களை அழித்தேன். இடம் திரும்பவில்லை. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தும் அதே எண்தான். கோப்பை அழித்தாலும், அதைப் பிடித்துவைத்திருக்கும் ஸ்னாப்ஷாட் ஒன்றாவது இருக்கும்வரை அந்த இடம் விடுபடாது. பட்டியலில் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் சில எம்பி என்றுதான் காட்டியது, அதனால் முதலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த எண் அதற்கு மட்டுமே சொந்தமான அளவு. பல ஸ்னாப்ஷாட்டுகள் சேர்ந்து பிடித்திருக்கும் தரவு எதன் கணக்கிலும் தெரியாது. வீடியோ இருந்த காலத்து ஸ்னாப்ஷாட்டுகளை எல்லாம் நீக்கினேன். அப்புறமும் உடனே மாறவில்லை, பின்னணியில் வேலை முடிந்துதான் இடம் வந்தது.

அதற்காக ஸ்னாப்ஷாட்டை நிறுத்திவிடாதீர்கள். தவறி அழித்ததை மீட்க அதைவிட எளிய வழி இல்லை. தினசரி ஏழு, வாராந்திரம் நான்கு என்று வரம்பு வைத்தால் வீட்டுக்குப் போதும். வால்யூமில் (கோப்புகள் வைக்கும் மொத்த இடத்தில்) ஐந்தில் ஒரு பங்கையும் எப்போதும் காலியாகவே விடுகிறேன்.

பின்சேர்க்கை: 4, 8, 8 என்று கலந்து போட்ட ஒரு வாசகருக்குக் கணக்கு உதைத்தது. ரெய்டு 5 எல்லா டிஸ்க்கையும் சிறியதன் அளவுக்கே எடுத்துக்கொள்ளும், ஆகவே அவருக்கு 8 தான் கிடைக்கும். சைனாலஜி நிறுவனத்தின் பல நாஸ் பெட்டிகளில் உள்ள, வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைச் சேர்க்கும் எஸ்.எச்.ஆர் முறையில் அதே மூன்றும் 12 தரும்: மொத்தத்தில் பெரிய டிஸ்க் ஒன்றைக் கழித்தால் போதும். கலந்து வாங்குபவர்களுக்கு நான் எஸ்.எச்.ஆரைத்தான் சொல்வேன். ரெய்டு 5-லேயே இருந்தால், அந்த 4-ஐ 8 ஆக மாற்றி வால்யூமையும் விரித்தால் 16 வரும். 0.909-ஐ மறக்காதீர்கள், திரையில் 14.5 தான் தெரியும்.