இரண்டு சென்டிமீட்டர் மனிதனின் புளியமரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயோரமா, அதாவது நிஜக் காட்சி ஒன்றைக் குட்டி அளவில், செய்கிறவர்கள் எஞ்சினின் ரிவெட்டுகளைக்கூட எண்ணி ஒட்டுவார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையின் எழுத்துத் தடிமனுக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டுவார்கள். மரம் என்று வந்ததும் ஒரு குச்சி, அதன் தலையில் பச்சை ஸ்பாஞ்ச் உருண்டை, அரை மணியில் வேலை முடிந்தது. நவராத்திரிக் கொலுப் பூங்காவுக்கு அது போதும். அங்கே செட்டியார் பொம்மை மரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. அளவு பிசகாமல் செய்யும் காட்சியிலோ அந்த உருண்டை ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிடும். ஆறு வயதில் வரைந்த மரம், பழுப்புத் தண்டும் பச்சை மேகமுமாக, இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை. நான் செய்த முதல் இருபது மரங்களும் அந்த மரம்தான்.

முதலில் உயரம். நான் செய்வது 1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, ரயில் மாதிரிகளில் உலகெங்கும் அதிகம் புழங்கும் ஹெச்ஓ அளவு. இதில் சராசரி ஆள் இரண்டு சென்டிமீட்டர். 15 மீட்டர் வேம்பு 17 சென்டிமீட்டர், 20 மீட்டர் பனை 23 சென்டிமீட்டர். நாமோ மேசை மேல் கண்ணுக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று ஏழு சென்டிமீட்டரில் நிறுத்திவிடுகிறோம். அது நிஜத்தில் ஆறு மீட்டர். அதன் அடியில் கிழவர்கள் கூடி ஊர்ப் பஞ்சாயத்துப் பேச முடியாது. ராணுவ வண்டிகள் செய்வோரின் 1:35 அளவில் அதே வேம்பு 43 சென்டிமீட்டர் வரும், டாங்கியை விழுங்கிவிடும். அங்கே மரத்தைக் குள்ளமாக்குவதைவிட அடிமரத்தையும் முதல் கவையையும் மட்டும் காட்டி, காட்சியின் விளிம்போடு வெட்டிவிடுவது நல்லது. பின்வரிசை மரங்களை வேண்டுமென்றே சிறிதாக்கித் தூரத்தைக் காட்டுவது வேறு கணக்கு. அது தந்திரம், தவறு ஆகாது.

அடுத்து கிளை. ஒரு தடித்த குச்சியில் சிறு குச்சிகளைச் செருகினால் தோரணக் கம்பம்தான் கிடைக்கும். கிளைகள் தண்டிலிருந்து பிரிந்து போக வேண்டும். ஒரு மரத்தின் கிளைகளை எந்த உயரத்தில் ஒன்றுசேர்த்தாலும் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். கம்பியில் மரம் செய்தால் இந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடும். அரை மில்லிமீட்டர் கம்பி அறுபது எடுத்து அடியில் முறுக்குங்கள். முதல் கவையில் முப்பத்தைந்தும் இருபத்தைந்துமாகப் பிரியுங்கள். அந்த முப்பத்தைந்தை இருபதும் பதினைந்துமாக்குங்கள். இப்படியே போனால் நுனியில் ஒற்றைக் கம்பி நிற்கும். வழியில் எதையும் வெட்டக் கூடாது, புதிதாகச் சேர்க்கவும் கூடாது. ஒவ்வொரு கவையிலும் இரு பக்கத்துக்கும் எப்போதும் சமமாகப் பிரிக்கிறவர்களின் மரம் குத்துவிளக்கு மாதிரி நிற்கும். ஒரு பக்கம் தாராளமாகவும் மறுபக்கம் கஞ்சமாகவும் கொடுங்கள்.

கட்டடத்துக் கட்டுக்கம்பி மலிவு என்று அதை எடுக்காதீர்கள். மேலே பூசும் பசையின் ஈரத்தில் துருப்பிடித்து, மரப்பட்டை முழுவதும் செம்பழுப்புக் கறை ஏறும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் பழைய செப்புக்கம்பி எடைக்குக் கிடைக்கும். முறுக்கியது கயிறு போலத் தெரியாமல் இருக்க, ஃபெவிகாலில் சலித்த மரத்தூளைக் குழைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, பாதி காய்ந்ததும் ஊசியால் நெடுக்காகக் கீறிவிடுங்கள்.

இலையில்தான் அதிகம் பேர் தோற்கிறோம். மரத்தூளோ அரைத்த ஸ்பாஞ்சோ, ஒரு மில்லிமீட்டர் தூள் 1:87-இல் கிட்டத்தட்ட ஒன்பது சென்டிமீட்டர் இலை. அது பூவரசுக்குப் பொருந்தும். புளிய இலையின் ஒவ்வொரு சிற்றிலையும் நிஜத்திலேயே ஒன்று, இரண்டு சென்டிமீட்டர்தான். கணக்குப்படி அது கண்ணுக்கே தெரியக் கூடாது. கரடுமுரடான தூளை ஒட்டி, "புளியமரம்" என்று நான் பெருமையாகக் காட்டியதைப் பார்த்த பெரியவர் ஒருவர், "பூவரசா?" என்று கேட்டார். அவருக்குத் தாவரவியல் தெரியாது, மரம் தெரியும். அன்றிலிருந்து தூளைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, வடிகட்டிக்குக் கீழே விழுவதை மட்டும்தான் புளிக்கும் வேம்புக்கும் எடுக்கிறேன். ஸ்பாஞ்சை அரைக்க வீட்டு மிக்ஸியைத் தொடாதீர்கள். தனி ஜார் இல்லையென்றால் சட்னியில் பச்சை நுரை வரும், அதற்கு விளக்கம் சொல்லி மாளாது.

தூளைக் கம்பியில் நேரே ஒட்டாமல், முதலில் பீர்க்கங்காய் நாரையோ தேங்காய் நாரையோ மெல்லியதாகப் பிய்த்துக் கிளை நுனிகளில் தனித்தனித் திட்டாக விரியுங்கள். திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே வானம் தெரிய வேண்டும். அடர்ந்த புளியமரத்தில்கூட அண்ணாந்து பார்த்தால் பொத்தல் பொத்தலாக வெளிச்சம் வரும். இலையைக் குறைத்து ஒட்டியதற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

நிறம் பற்றி ஒரே புலம்பல். புட்டியில் இருக்கும் பச்சை எந்த மரத்திலும் இல்லை. அதில் மஞ்சள் காவியும் சிறிது அடர்பழுப்பும் கலந்து வீரியத்தைக் குறையுங்கள். உச்சியில் வெளிர், அடியில் இருட்டு. தண்டுக்குச் சாக்லேட் பழுப்பு அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. வேம்பும் புளியும் சாம்பல் ஓடியவை, பனை கிட்டத்தட்டக் கரி. சந்தேகமிருந்தால் வெளியே போய், தூரிகையில் எடுத்த வண்ணத்தை மரத்தருகே பிடித்துப் பாருங்கள். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

பனை தனிப் பாடம். ஓலையெல்லாம் ஒரே பச்சையில், ஒரே கோணத்தில், குடை விரித்தாற்போல் செய்துவிடுகிறார்கள். "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்ற பழமொழியைக் கையில் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது: உச்சியில் இன்னும் விரியாமல் ஈட்டி போல நிமிர்ந்த வெளிர்மஞ்சள் குருத்து, நடுவில் எல்லாப் பக்கமும் நீட்டிய பச்சை ஓலை, கீழே தண்டோடு ஒட்டித் தொங்கும் காய்ந்த காவோலை. ஓலை ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அகல விசிறி. மெல்லிய தாளை வட்டமாக வெட்டி, மடிப்பெடுத்து, ஓரத்தைக் கத்தரியால் கிழித்துவிட்டால் போதும். முப்பது ஓலை வேண்டும். பத்தோடு நிறுத்தினால் பனை மொட்டையாகத் தெரியும்.

ஆலமரம் செய்கிறவர்கள் விழுதென்று நூலைத் தொங்கவிடுவதோடு நின்றுவிடுகிறார்கள். மண்ணைத் தொட்ட விழுது தூணாகப் பருத்துவிடும். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. மரம் இன்றும் விழுதுகளின் மேல்தான் நிற்கிறது.

நிஜச் செடியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. காய்ந்த துளசிச் செடியின் கிளையமைப்புக்கு ஈடே இல்லை (வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்). ஆனால் வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் எடுத்தால் பூச்சி வரும். என் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வேம்படியில் தினமும் சிறிது மாவு கொட்டிக் கிடந்தது. பசை உதிர்கிறது என்று நினைத்துப் பெருக்கிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வாரம் கிளை ஒடிந்து பிளாட்பாரத்தில் விழுந்த பிறகுதான், உள்ளே வண்டு துளைத்திருப்பது தெரிந்தது.

நடும்போது குழியில் ஆணி அறைந்தாற்போல் நிறுத்தாதீர்கள். அடிமரம் மண்ணில் இறங்குமுன் விரியும், வேர் புடைக்கும். முறுக்கிய கம்பியின் அடியில் நான்கைந்து கொத்தாகப் பிரித்து விட்டாலே வேர் கிடைத்துவிடும். அதோடு, மரத்தைச் சுற்றி வாழ்கிறவர்களையும் நினையுங்கள். ஆடு பின்னங்காலில் எம்பி மேய்ந்த உயரத்துக்குக் கீழே இலை இருக்காது, நம் அளவில் அது இரண்டு சென்டிமீட்டர். சாலையோரப் புளியென்றால் லாரி உரசும் பக்கத்தில் கிளைகள் ஐந்து சென்டிமீட்டர் உயரம்வரை செதுக்கியது போல இருக்கும். அடிமரத்தில் நெடுஞ்சாலைத் துறையின் வெள்ளைப் பட்டையும் எண்ணும் இருக்கும். ரயில் பாதையோர மரத்தில் அந்தப் பட்டையைப் பூசிவிடாதீர்கள், நான் பூசியிருக்கிறேன்.

கடைசியாக, பசை. ஃபெவிகாலை அப்படியே அப்பினால் இலையெல்லாம் பளபளக்கும். சம அளவு தண்ணீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து தெளியுங்கள், நார் அதை உறிஞ்சிக்கொள்ளும். உடனடிப் பசையை இலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெள்ளைப் பூஞ்சணம் போலப் படரும். தூள் தூவிய மரத்தைத் தலைகீழாகக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு ஓர் இரவு காயவிடுங்கள். ஃபேனை மட்டும் போடாதீர்கள். காலையில் பார்த்தால் மரம் மொட்டையாகவும் தலையணை பச்சையாகவும் இருக்கும்.