அறிவியல் செய்தி வந்ததும் கருத்து எழுதுவது எப்படி

"விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று தொடங்கும் ஒரு செய்தி ஃபோனில் வந்து விழுந்ததும் அதைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றும், அதில் தப்பே இல்லை. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பற்றித் தமிழில் நிறையப் பேர் பேச வேண்டும், வாதாட வேண்டும், பேராசிரியர்கள் மட்டும் பேசினால் போதாது என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் செய்தி வந்த வேகத்தில் எழுதும் கருத்துக்கும், ஒரு அரைமணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு எழுதும் கருத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த அரைமணி நேரத்தில் என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இதற்கு இயற்பியல் பட்டம் எல்லாம் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் படித்த சதவீதக் கணக்கு நினைவிருந்தால் போதும்.

முதலில், செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு கண்டுபிடிப்பு உறுதியாவதற்கு முன் பல படிகளைத் தாண்ட வேண்டும்: யாரோ ஒருவர் சொல்கிறார், கட்டுரையாக எழுதி இணையத்தில் போடுகிறார், மற்ற நிபுணர்கள் படித்துக் குறை சொன்ன பிறகு ஆய்விதழ் ஒன்று வெளியிடுகிறது, அப்புறம் வேறு ஊரில் வேறு ஆட்கள் அதையே செய்து பார்க்கிறார்கள். செய்தித் தலைப்பில் இந்தப் படி எதுவும் தெரியாது, எல்லாமே "கண்டுபிடிப்பு" என்றுதான் வரும்.

இதற்கு எல்கே-99 கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2023 ஜூலை 22 அன்று தென் கொரிய ஆய்வாளர்கள் சிலர் ஆர்க்கைவ் என்ற தளத்தில் இரண்டு கட்டுரைகளைப் போட்டார்கள். ஈயமும் தாமிரமும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு பொருள், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே, 127 டிகிரி செல்சியஸ் வரை மின்தடை துளியும் இல்லாத மீகடத்தியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்னது. 1911இல் பாதரசத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை மீகடத்திகளுக்கு ஒன்று கடுங்குளிர் வேண்டும் அல்லது பயங்கரமான அழுத்தம் வேண்டும், எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் திரவ ஹீலியம் ஊற்றி வைத்திருப்பதே அதனால்தான். அப்படியிருக்க, அறை வெப்பத்தில் வேலை செய்யும் மீகடத்தி என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது. மீகடத்தி காந்தத்துக்கு மேலே மிதக்கும் என்பதால் கூடவே ஒரு சின்ன வீடியோ, காந்தத்துக்கு மேலே ஒரு கறுப்புத் துணுக்கு பாதி எழும்பி நிற்கிறது. சில நாட்களில் எக்ஸ், ரெடிட் எல்லாம் இதே பேச்சு, கொரியாவில் மீகடத்தி என்ற பெயரோடு சம்பந்தப்பட்ட நிறுவனங்களின் பங்கு விலை எகிறியது. "உலகமே மாறப்போகிறது" என்று நம் ஆட்களும் எழுதினார்கள்.

அந்த முதல் நாளிலேயே, ஆய்வகம் எதுவும் இல்லாத ஒருவர் என்னென்ன கவனித்திருக்க முடியும் என்று பாருங்கள். ஆர்க்கைவில் போடுவதற்கு முன் கட்டுரையை மற்ற நிபுணர்கள் ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டியதில்லை, மேலோட்டமான சரிபார்ப்புதான் உண்டு. இரண்டு கட்டுரைகளும் ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில், வேறு வேறு ஆசிரியர் பட்டியலோடு வந்திருந்தன, ஏதோ அவசரம் என்று அதிலேயே தெரிகிறது. வீடியோவில் அந்தத் துணுக்கின் ஒரு ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தது, முழுசாக மிதக்கவில்லை. இவை எதுவும் அந்தக் கூற்று பொய் என்று நிரூபிக்காது. ஆனால் "இன்னும் முதல் படியில்தான் இருக்கிறது" என்று எழுத இவை தாராளமாகப் போதும்.

இந்த விஷயத்தில் ஒரு நல்லது, செய்முறை எளிது, அதனால் உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் உடனே செய்து பார்த்தன. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமும் பெய்ஜிங்கில் உள்ள பெய்ஹாங் பல்கலைக்கழகமும் முதலில் முயன்றவர்களில் அடக்கம், இரண்டு இடத்திலும் மீகடத்தல் கிடைக்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் கொரியர்களின் கட்டுரையில் 104 டிகிரி செல்சியஸ் சுமாரில் மின்தடை திடீரென விழுவதைப் பார்த்ததும், அது தாமிர சல்ஃபைடு தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை ஆயிற்றே என்று பிடித்துவிட்டார், செய்முறையில் தாமிர சல்ஃபைடு கழிவாகச் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கலப்படமே இல்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தபோது அது மின்சாரத்தைக் கடத்தவே இல்லை, நல்ல மின்காப்புப் பொருளாக இருந்தது. பாதி மிதப்பதற்கும் சாதாரணக் காந்தத்தன்மையே காரணம் என்று மற்ற குழுக்கள் காட்டின. ஆகஸ்ட் நடுவிலேயே விஷயம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மொத்தம் நாலு வாரம்கூட இல்லை. ஆகவே பெரிய கூற்று எதைப் பார்த்தாலும் நான் தேடும் முதல் விஷயம், இதை வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்பதுதான். அதற்குப் பதில் கிடைக்கும்வரை முடிவாக எதையும் எழுதுவதில்லை.

சரி, பெரிய ஆய்விதழில் வந்துவிட்டால் நம்பலாமா என்றால், அதுவும் கடைசிப் படி கிடையாது. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரங்கா டயஸ் தலைமையிலான குழு இதே அறை வெப்ப மீகடத்தல் பற்றி நேச்சர் இதழில் 2020இல் எழுதிய கட்டுரை 2022இல் திரும்பப் பெறப்பட்டது, 2023 மார்ச்சில் அதே இதழில் வந்த இன்னொரு கட்டுரை அந்த நவம்பரிலேயே திரும்பப் பெறப்பட்டது. எனவே பழைய ஆய்வு எதையாவது ஆதாரமாகக் காட்டும் முன், அந்தக் கட்டுரையின் சொந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், திரும்பப் பெற்றிருந்தால் மேலேயே அறிவிப்பு போட்டிருப்பார்கள். ஒரு நிமிட வேலை.

கட்டுரையைத் திறந்தால் புரியாதே என்று தயங்க வேண்டாம். படங்களைப் பாருங்கள். 2018இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் 236 கெல்வினில், அதாவது மைனஸ் 37 டிகிரியில் மீகடத்தியாக மாறுகின்றன என்று ஒரு கட்டுரை ஆர்க்கைவில் வந்தது. எம்ஐடியில் இருந்த பிரையன் ஸ்கின்னர் அதன் வரைபடத்தை உற்றுப் பார்த்து, தனித்தனி அளவீடுகளான இரண்டு கோடுகளில் ஏற்ற இறக்க இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி ஒரே மாதிரி இருப்பதைச் சுட்டிக்காட்டினார். இரைச்சல் என்பது தற்செயலானது, இரண்டு முறை ஒரே மாதிரி வரக்கூடாது. இதைப் பார்க்க முக்கியமாகத் தேவைப்பட்டது பொறுமையான கண். எல்லாக் கட்டுரையிலும் இப்படி எதுவும் சிக்காது, ஆனாலும் முன்னுரையும் முடிவுரையும் படங்களும் மட்டும் பார்த்தாலே செய்தி எவ்வளவு ஊதப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் பிடிபடும்.

இந்த ஊதல் எங்கே நடக்கிறது என்பதிலும் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள்தான் மிகைப்படுத்துகிறார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை எடுத்து மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2014இல் எழுதினார்கள். விலங்குகளில் செய்த ஆய்வை மனிதருக்குப் பொருத்திப் பேசும் மிகை, விலங்கு ஆய்வுகளைப் பற்றிப் பல்கலைக்கழகமே கொடுத்த குறிப்புகளில் 36 சதவீதத்தில் இருந்தது. ஆக, "பல்கலைக்கழகமே சொல்லியிருக்கிறது" என்பது ஆதாரம் ஆகாது, அவர்களுக்கும் விளம்பரம் வேண்டும்.

எலி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2019இல் ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்கு தொடங்கி, எலிகளில் மட்டும் செய்த ஆய்வை அப்படிச் சொல்லாத மருத்துவச் செய்திகளின் தலைப்புகளைப் பகிர்ந்து, மேலே "எலிகளில்" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வேறு விமர்சனமே கிடையாது. சர்க்கரை நோய்க்கு மருந்து, ஞாபக மறதிக்குத் தீர்வு என்று வரும் எதையும் பகிரும் முன் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு என்று தேடிப் பாருங்கள். வீட்டில் நோயாளி இருக்கும் ஒருவர் அதைப் படித்து ஆசைப்படுவார் என்பதை மறக்கக்கூடாது, எனக்கு இந்த வகைச் செய்திகளில்தான் கோபமே வருகிறது.

அப்புறம் எண்கள். "தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும்" என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் சொன்னது. படித்ததும் நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்றே மனதில் பதியும். உதாரணத்துக்கு, சாப்பிடாத நூறு பேரில் 5 பேருக்கு வாழ்நாளில் அந்த நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், 5இன் 18 சதவீதம் கூடி அது ஏறக்குறைய 6 ஆகும். கூடும் ஆபத்து உண்மைதான், அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை, ஆனால் நூறில் ஒருவர் கூடுதல் என்பதும் 18 சதவீதம் என்பதும் நம் மனதில் உண்டாக்கும் பயம் ஒன்றா? எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் எதிலிருந்து எதற்குக் கூடியது என்று கேளுங்கள், செய்தியில் அது இல்லையென்றால் அதையே உங்கள் கருத்தாக எழுதுங்கள்.

இதே முகமை 2023 ஜூலையில் அஸ்பார்ட்டேம் என்ற செயற்கை இனிப்பை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தபோதும் ஒரே களேபரம். அந்தப் பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும் இருக்கிறது, செல்ஃபோனிலிருந்து வரும் ரேடியோ அலைகளும் 2011 முதல் இருக்கின்றன. ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் பிரிவு அது, எவ்வளவு ஆபத்து என்பதை அது அளப்பதில்லை. அதே நாளில் உணவுச் சேர்ப்புகளுக்கான நிபுணர் குழு, ஒரு கிலோ உடல் எடைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைத் தாண்ட வேண்டுமானால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 9 முதல் 14 கேன் டயட் சோடா குடிக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி ஃபார்வர்டுகளில் வரவே இல்லை.

வானியல் செய்தியில் "சிக்மா" என்ற சொல்லைத் தேடுங்கள், முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லும் அளவு அது, எண் கூடக் கூட வலு கூடும். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு, 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளின் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு போன்ற வாயுவின் தடயம் தெரிவதாகச் சொன்னது, பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன. உடனே "வேற்றுக்கிரகத்தில் உயிர்" என்று தலைப்புகள் வந்தன. குழுவே சொன்ன வலு 3 சிக்மாதான், இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாக 5 சிக்மா எதிர்பார்ப்பார்கள். அதே தரவை வேறு குழுக்கள் எடுத்து அலசியபோது அந்தத் தடயம் உறுதியாகத் தெரியவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2015 டிசம்பரில் ஒரு புதுத் துகளின் சாயல் தெரிந்து, நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்டு, 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் காணாமல் போனது. அங்கே யாரும் ஏமாற்றவில்லை, தற்செயல் அப்படித்தான் விளையாடும்.

தொழில்நுட்பச் செய்தி என்றால் டெமோ வீடியோவுக்குக் கீழே உள்ள விளக்கத்தைப் படியுங்கள். 2023 டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி என்ற செயற்கை நுண்ணறிவைக் காட்டிய வீடியோவில், ஒருவர் வரைய வரைய அது பேசிப் பதில் சொல்வது போல இருந்தது. பதில் வரும் தாமதத்தைக் குறைத்திருக்கிறோம், பதில்களைச் சுருக்கியிருக்கிறோம் என்று யூடியூப் விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். நேரலைக் குரலும் இல்லை, நிலைப்படங்களையும் எழுத்துக் கேள்விகளையும் கொடுத்து வாங்கிய பதில்கள் என்பதைப் பிறகு கூகுளே சொன்னது. பொருள் மக்கள் கைக்கு வந்து, அதற்குப் பணம் கொடுத்தவர்கள் ஒரு மாதம் பயன்படுத்தி எழுதும் வரை பாராட்டையும் திட்டையும் தள்ளி வைக்கலாம்.

படங்களுக்கு இன்னும் சுலபம், கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் முன்பு எங்கே வந்தது என்று காட்டிவிடும். ஒவ்வொரு தீபாவளிக்கும் "நாசா எடுத்த இந்தியா" என்று ஒரு வண்ணப் படம் சுற்றுகிறதே, அது ஒரு இரவில் எடுத்ததே இல்லை. 1992 முதல் 2003 வரை ஊர்கள் எப்படி வளர்ந்தன என்று காட்ட, பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் தரவை வேறு வேறு நிறம் கொடுத்து ஒன்றாக அடுக்கியது.

இதையெல்லாம் பார்த்த பிறகு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். எழுதும்போது தெரிந்ததையும் நீங்கள் நினைப்பதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். "இப்படி ஒரு கட்டுரை வந்திருக்கிறது, இன்னும் யாரும் செய்து பார்க்கவில்லை" என்பது செய்தி. "உண்மையானால் நம் மின்வாரியத்துக்கு என்ன மாறும்" என்பது உங்கள் யோசனை. இரண்டாவதில் நீங்கள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், படிக்கிறவருக்கு அதில்தான் சுவாரசியம். மூலக் கட்டுரையின் இணைப்பைக் கட்டாயம் கொடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தப்பான ஒன்று வந்தால் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் திருத்தினால் பெரியவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும், சண்டையில் முடியும். தனியாக "சித்தப்பா, இந்தப் படம் பழசு, இங்கே பாருங்கள்" என்று இணைப்போடு அனுப்புங்கள், பெரும்பாலானவர்கள் தாங்களே எடுத்துவிடுவார்கள். மருந்து, உணவு சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், குழுவிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், யாராவது மாத்திரையை நிறுத்திவிடக்கூடும்.

நீங்கள் எழுதியது பின்னால் தவறாகிப் போனால் பதிவை அழிக்காதீர்கள், அதன் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே எங்கெங்கோ போயிருக்கும். பதிவின் முதல் வரியிலேயே தேதி போட்டு, என்ன மாறியது என்று எழுதி, புது இணைப்பைச் சேருங்கள். கீழே கருத்துகளுக்கு நடுவில் எழுதினால் யார் கண்ணிலும் படாது.