சாடாம நில்லு மக்கா: ஸ்டாப்பரா புரொஃபஷனல் ஆகணும்னா என்ன பண்ணணும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, அந்தப் பக்கம் கேரளாவுல பொழியூர்னு எந்தக் கரைல போயி பத்து பயலுவள நிறுத்தி ஃபுட்பால்ல என்ன ஆகப்போறன்னு கேட்டாலும் எட்டு பேரு விங்கர்னு (ஓரத்துல ஓடி ஆடுறவன்) சொல்லுவான், மிச்சம் ரெண்டு பேரு கோல் அடிக்குற ஸ்டிரைக்கர். அதுல தப்பும் சொல்ல முடியாது, இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் விங்ல ஓடித்தான் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகேன்னு பெரிய கிளப்புக்குப் போனாரு, புள்ளைங்க கண்ணால பாத்ததுக்குத்தான ஆசைப்படும். ஆனா நான் பதினோரு வருசம் ஸ்டாப்பரா, அதாவது கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்குற டிஃபண்டரா ஆடுனவன், இப்ப சாயங்காலம் கரைல பசங்களுக்குச் சொல்லிக்குடுக்கேன், ஒழுங்கா நிக்கத் தெரிஞ்ச ஒரு ஸ்டாப்பர் கிடைக்கது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். அதனால டிஃபண்டரா மேல வரணும்னு நினைக்குற பசங்களுக்கும் அவங்க வீட்டுக்காரங்களுக்கும் தெரிஞ்சதை எழுதுறேன்.

முதல் பாடம், சாடாத, அதாவது அவசரப்பட்டு பந்துமேல பாயாத. போன ஈஸ்டர் டோர்னமெண்ட்ல நம்ம பையன் ஒருத்தன், 17 வயசு, நல்ல உடம்பு, மேட்ச் முழுக்க அருமையா ஆடுனான், ஒரு கோல் லீடு, முடிய ரெண்டு மூணு நிமிசம்தான் இருக்கு, எதிர்ல வந்த விங்கர் பந்தை ஒரு சாண் வெளிய தள்ளிக் காட்டுனான், இவன் உடனே சறுக்கி விழுந்தான், அவன் உள்ள வெட்டிட்டுப் போயி அடிச்சிட்டான். முடிஞ்ச பிறவு மண்ணுல உக்காந்து "அண்ணே, பந்து கிட்டத்தான் இருந்துச்சு"ன்னான். கிட்ட இருக்க மாதிரி காட்டுறதுதான் மக்கா அவன் வேலை.

அப்ப என்ன செய்யணும். பந்து அவனுக்குப் போற நேரத்துலயே வேகமா கிட்ட போ, கடைசி ரெண்டு மூணு மீட்டர்ல சின்னச் சின்ன அடியா வச்சு வேகத்தைக் குறை, நேரா மார்பைக் காட்டிட்டு நிக்காம சரிஞ்சு நில்லு, ஒரு கால் முன்னால, முட்டி மடங்கி, பாரம் காலோட முன்பக்கத்துல. அவன் கண்ணைப் பாக்காத, தோளைப் பாக்காத, பந்தைப் பாரு. அவனை உள்ள விடாம டச்லைன் பக்கமா ஒதுக்கிக்கிட்டே பின்னால போ, பந்து அவன் கால விட்டு கொஞ்சம் கூடுதலா போச்சுன்னா அப்ப எடு. இதுக்கு நான் செய்யுற டிரில் ரொம்ப சிம்பிள், அலை வந்து போற ஈர மண்ணுல செருப்பை வச்சு பத்தடி அகலத்துக்கு ஒரு பாதை போடுவேன், ஒருத்தன் பந்தோட கடக்கணும், ஒருத்தன் தடுக்கணும், நான் பத்து எண்ணி முடிக்குறதுக்குள்ள தடுக்குறவன் கால நீட்டுனா பாயிண்ட் எதிராளிக்கு. முதல் வாரம் எல்லாரும் தோப்பாங்க, மூணாவது வாரம் அந்த பத்து செகண்டுல விங்கருக்கே பொறுமை போயி அவனா தப்பு பண்ணுவான், அதைப் பாக்கணும் நீங்க. ஈர மண்ணுலதான் செய்யணும், காய்ஞ்ச மண்ணு காலுக்கு பலம் குடுக்கும் ஆனா திரும்புற வேகம் அதுல வராது, வாரத்துல ரெண்டு நாளாவது பூட்ஸ் போட்டு புல்லு கிரவுண்டுல ஆடியே ஆகணும்.

ரெண்டாவது, செவன்ஸ் பழக்கம், அதான் பக்கத்துக்கு ஏழு பேரு ஆடுற ஆட்டம். செவன்ஸ் நம்ம ஊரு உசுரு, நானும் அதுல வளந்தவன்தான், ஆனா அதுல ஆஃப்சைடு (கடைசி டிஃபண்டரைத் தாண்டி நின்னு பந்து வாங்கக்கூடாதுங்குற ரூல்) கிடையாது, அதனால நம்ம பசங்களுக்கு ஆளைப் பாத்ததும் பின்னால பின்னால போற பழக்கம் வந்துருது. பதினோரு பேரு ஆட்டத்துல நாலு பேரும் ஒரே லைன்ல நிக்கணும், ஒருத்தன் ரெண்டடி பின்னால நின்னாலும் ஆஃப்சைடு போச்சு. லைனை நடத்துறது ஸ்டாப்பரோட வாய். "லைன் கேறுலே" (முன்னால ஏறு), "ஆளு வருது", "விடு"ன்னு கத்தத் தெரியணும். இங்க தமிழும் மலையாளமும் போதும், பெரிய கிளப்புக்குப் போனா இங்கிலீஷும் ஹிந்தியும் கொஞ்சம் வேணும், இப்பவே பழகுங்க. அப்புறம் கழுத்தைத் திருப்புற பழக்கம். பந்து தூரத்துல இருக்கும்போதெல்லாம் பின்னால ஒரு தடவை பாக்கணும். நான் பையனுக்குப் பின்னால நின்னு விரலைக் காட்டுவேன், பந்து அவன் காலுக்கு வர்றதுக்கு முன்னால எத்தனைன்னு சொல்லணும், சொல்லலைன்னா திரும்பவும் முதல்ல இருந்து.

கால்ல பந்து நிக்காத ஸ்டாப்பருக்கு இப்ப வேலை இல்ல. 1992ல கோல்கீப்பர் தன் டீம்காரன் கால்ல திருப்பிக் குடுக்குற பேக்பாஸைக் கைல எடுக்கக்கூடாதுன்னு ரூல் வந்துச்சு, 2019ல இருந்து கோல்கிக்கை பெனால்டி பாக்ஸுக்குள்ளயே டிஃபண்டர் வாங்கலாம்னு ஆச்சு, அதனால கிளப்புங்க பின்னாலேருந்தே பாஸ் போட்டு வெளிய வரணும்னு எதிர்பாக்குறாங்க. ரெண்டு காலாலயும் 30 மீட்டர் பாஸ் போகணும், செவுத்துல அடிச்சு அடிச்சுப் பழகுறதைத் தவிர வேற வழியே இல்ல.

உயரம் இல்லன்னு நிறைய பேரு விட்டுடுறான். கன்னவாரோ 176 செண்டிமீட்டர்தான், ஸ்டாப்பர்தான், 2006ல இத்தாலிக்கு கேப்டனா உலகக் கோப்பை தூக்கி அதே வருசம் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருதும் வாங்குனாரு. வயசும் அப்படித்தான். கேரளாவுல கொண்டோட்டிக்கார டிஃபண்டர் அனஸ் எடத்தொடிகா இந்தியாவுக்கு முதல் மேட்ச் ஆடுனது 2017ல, 30 வயசுல. பிரேசில் ஸ்டாப்பர் தியாகோ சில்வாவுக்கு ரஷ்யால இருக்கும்போது 2005ல டிபி வந்து மாசக்கணக்கா ஆஸ்பத்திரில கிடந்தாரு, அந்த மனுசன் 39 வயசு வரைக்கும் இங்கிலாந்து கிளப் செல்சீல ஆடுனாரு. விங்கருக்கு வேகம் போனா முக்காவாசி ஆட்டம் போச்சு, ஸ்டாப்பருக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரியத் தெரிய வயசு கைகுடுக்கும், அதனால 19 வயசுல யாரும் எடுக்கலைன்னு பந்தைக் கடல்ல எறியாதீங்க.

இப்ப வீட்டுக்காரங்களுக்கு. பேப்பர் சரியா வைங்க. நம்ம கரைல ஞானஸ்நான பேரு ஒண்ணு, ஸ்கூல்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, பிறந்த தேதியும் மூணுல மூணு விதமா இருக்கும், செலக்ஷன் நேரத்துல இதுலயே பையன் வெளிய போயிருவான். வயசைக் குறைச்சு எழுதவே எழுதாதீங்க, மணிக்கட்டை ஸ்கேன் பண்ணி எலும்பு வயசு பாக்குறாங்க. 7ஆம் வகுப்புலேர்ந்து தமிழ்நாடு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் செலக்ஷனுக்கு அனுப்பலாம், பொழியூர் பக்கத்துக்காரங்களுக்கு திருவனந்தபுரத்துல ஜி.வி.ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூல் இருக்கு. பையனை ஃபுட்பால் அசோசியேஷன்ல பதிவான கிளப்புல சேத்து ரெஜிஸ்டர் பண்ணுங்க, 12 வயசுலேர்ந்து எங்க எங்க ஆடுனான்னு கணக்கு இருந்தா, பின்னால அவனை ஒரு கிளப் காசு குடுத்து வாங்கும்போது வளத்த கிளப்புக்கும் அதுல ஒரு பங்கு வர உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபா ரூல்ல வழி இருக்கு.

ஏஜெண்ட் விசயம் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு எரியும். 19 வயசுல ஒருத்தன் வடக்க பெரிய கிளப்புல டிரயல்னு சொல்லி எங்க அப்பாகிட்ட 15,000 ரூபா வாங்குனான், அம்மாவுக்க செயினைப் பணயம் வச்சுக் குடுத்த காசு, ரெண்டு நாளு டிரெயின்ல போயி இறங்குனா கிரவுண்டுல மாடு மேயுது. டிரயலுக்குக் காசு கேக்குறவனை வாசல்லயே திருப்பி அனுப்புங்க. 2023லேர்ந்து ஏஜெண்ட் ஆகணும்னா ஃபிஃபா பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கணும், யாருக்கு லைசென்ஸ் இருக்குன்னு ஃபிஃபா சைட்லயே பேரு போட்டுப் பாக்கலாம். காண்டிராக்ட்டுக்கும் கணக்கு இருக்கு, 18 வயசுக்குக் கீழன்னா ஃபிஃபா ரூல்படி மூணு வருசம், பெரியவங்களுக்கு அஞ்சு வருசம், அதுக்கு மேல பொதுவா போட முடியாது. அடிபட்டா ஆபரேஷன் செலவு யாருது, அந்த மாசங்களுக்கு சம்பளம் உண்டான்னு ரெண்டு வரி எழுத்துல இருக்கணும், ஒரு காப்பி உங்க கைல இருக்கணும்.

ஏன்னா எனக்கு இல்ல. 24 வயசுல மலபார் பக்கம் செவன்ஸ் ஆடப்போயி காய்ஞ்ச தரைல கால் மாட்டி முட்டிக்குள்ள இருக்க ஏ.சி.எல் தசைநார் போச்சு, நடத்துனவங்க ஆட்டோவுக்குக் காசு குடுத்தாங்க, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிஞ்சு குறைஞ்சது ஒன்பது மாசம் காத்திருக்கணும், நான் அஞ்சாவது மாசமே இறங்குனேன், அதே முட்டி திரும்பவும் போச்சு. ஃபிஃபா 11 பிளஸ்னு ஒரு வார்ம்-அப் இருக்கு, இருபது நிமிசம்தான், யூடியூப்ல கிடைக்கும், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை ஒழுங்கா செஞ்சா அடிபடுறது நல்லாவே குறையும்னு ஆராய்ச்சில நிரூபிச்சிருக்காங்க. நான் ஆடுன காலத்துல இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லல, நீங்க செய்யுங்க.

படிப்பை விடாதீங்க. இந்தியாவுக்கே கேப்டனா இருந்த நம்ம வி.பி. சத்யன், அவரும் டிஃபண்டர்தான், கேரளா போலீஸ்ல இருந்து ஆடுனாரு, பிறகு சென்னைல இந்தியன் பேங்க். அன்னைக்கு அந்த வேலைதான் வீட்டைக் காப்பாத்துச்சு. இன்னைக்கும் பெருசா மாறல, 2025 ஜூலைல நாட்டோட பெரிய லீக்கான ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வச்சப்போ சில கிளப்புல சம்பளமும் நின்னுது. டிகிரியும் ஸ்டேட் மேட்ச் ஆடுன சர்டிஃபிகேட்டும் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால ரயில்வே, போலீஸ்னு அப்ளை பண்ணலாம், ஒரிஜினலை லேமினேட் பண்ணாம பத்திரமா வைங்க.

கடைசியா வீடியோ. கிளப்புக்கு அனுப்ப எல்லாரும் சறுக்கி எடுத்த டேக்கிளை மட்டும் வெட்டி ஒட்டி பாட்டு போட்டு அனுப்புறாங்க, கோச் அதைப் பாக்குறது கம்மி. அஞ்சு நிமிச கிளிப்போட ஒரு முழு மேட்சும் அனுப்புங்க, பந்து இல்லாத நேரத்துல ஸ்டாப்பர் எங்க நிக்கான், லைனை எப்படி நடத்துறான்னு அதுலதான் தெரியும். போனை மேட ஏறி உயரத்துல வைங்க, பாதி கிரவுண்டாவது தெரியணும், ஜெர்சி நம்பரை முதல் பிரேம்லயே எழுதிப்போடுங்க. நம்ம கரைல கடலைப் பாத்து மட்டும் வைக்காதீங்க, அஞ்சு மணிக்கு மேல வெயிலு நேரா லென்ஸ்ல அடிச்சு பையனே தெரிய மாட்டான்.