ஒரு மூட்டைப் பருப்பைப் பின்தொடர்ந்து கொழும்பைப் படிப்பது எப்படி

உலக வர்த்தகம் ஒரு நகரத்தை எப்படி மாற்றுகிறது என்று ஒப்படை கொடுத்தால், மாணவர்கள் முதலில் காலிமுகத்திடலுக்குப் போய்த் துறைமுக நகரத்தைப் படம் பிடித்து வருகிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். அதை வைத்து வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரு பொருளின் விலையைக்கூட விளக்க முடியாது. கொழும்பின் மொத்தச் சந்தையான புறக்கோட்டையில், நான்காம் குறுக்குத் தெருவில் நாட்டாமிமார் (மூட்டை சுமக்கும் தொழிலாளர்) முதுகில் ஏற்றும் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது வந்த வழியே துறைமுகம்வரையும், போகும் வழியே வெள்ளவத்தைச் சில்லறைக் கடைவரையும் போனால் கப்பல் கூலி, டொலர், வரி, கடன், கோவில், பள்ளிவாசல் எல்லாம் அதே பாதையில் எதிர்ப்படும். உயர்தர வகுப்பு மாணவர், பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வு செய்பவர், பொருளாதாரச் செய்தி எழுதத் தொடங்குபவர் ஆகியோர் தனியாகவே செய்யக்கூடிய வேலை இது. புள்ளிவிபரத்துக்கு இரண்டு நாள், தெருவுக்கு மூன்று காலைப்பொழுது, விலை எடுக்க ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

பொருளைத் தெரிவுசெய்தல்

மூன்று நிபந்தனைகள் உண்டு. இங்கே விளையாததாக இருக்கவேண்டும், நாள்தோறும் நிறுத்து விற்பதாக இருக்கவேண்டும், சுங்கப் பட்டியலில் ஒரே குறியீட்டுக்குள் அடங்கவேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துவது மைசூர் பருப்பு. பெரும்பகுதி கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. உலகச் சுங்கக் குறியீடு 0713.40.

அரிசி வேண்டாம். உள்ளூர் அறுவடையும் அரசின் உச்சவிலையும் கலந்துவிட்டால் உலக விலையைப் பிரித்தெடுக்க முடியாது. கைத்தொலைபேசியில் மாதத்துக்கு ஒரு புது மாதிரி வருவதால் போன வருட விலையோடு ஒப்பிட வழியில்லை. வாகனமும் உதவாது: 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது, நடுவில் உள்ள விலையெல்லாம் தட்டுப்பாட்டின் விலை.

தெருவுக்குப் போகுமுன்

சுங்கத் திணைக்களத்தின் தீர்வைப் பட்டியலில் உங்கள் பொருளின் எட்டு இலக்கக் குறியீட்டைத் தேடுங்கள். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்குப் பொது, கடைசி இரண்டும் இலங்கைக்குரியவை. பருப்பில் முழுப்பருப்பையும் உடைத்த பருப்பையும் தனித்தனியாக எழுதுங்கள், சேர்த்தால் சராசரி விலை பொய் சொல்லும். பிறகு குறைந்தது 24 மாதத்துக்கான இறக்குமதி அளவையும் பெறுமதியையும் வரிசைப்படுத்துங்கள். பெறுமதியை அளவால் வகுத்தால் கிலோவின் விலை வரும். அதை அந்தந்த மாதத்தின் சராசரி டொலர் விகிதத்தால் வகுத்துவிடுங்கள். ரூபாவில் மட்டும் பார்த்தால் 2022இல் பருப்பு உலகமெங்கும் பொன்விலைக்குப் போனதாகத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி நடந்தது நம்முடைய ரூபாவுக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது.

நாட்டின் பெயரில் கவனம் தேவை. ஏற்றிய நாடும் விளைந்த நாடும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பருப்பே விளையாத ஒரு துறைமுக நாடு பட்டியலில் தலைநீட்டினால், அங்கே உடைத்துப் பொதிசெய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள்.

விலை எகிறிய மாதங்களுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுச் செய்தியையும் குறித்துவையுங்கள். கனடாவில் ஆகஸ்ட், செப்டெம்பரில் அறுவடை, அவுஸ்திரேலியாவில் வருடக் கடைசியில். இவை இரண்டையும்விட, பருப்பைப் பெருமளவில் வாங்கும் இந்தியா முக்கியம். அங்கே பருப்புக்குத் தீர்வை ஏறினால் உலகச் சந்தையில் பருப்பு மிஞ்சும், இறங்கினால் இறுகும். 2017 டிசம்பரில் இந்தியா 30 சதவீதத் தீர்வை விதித்தபோது கனடிய விவசாயிக்கு அடி விழுந்தது, நமக்கு மலிந்தது. டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து கொட்டாஞ்சேனைப் பருப்புக் கறிவரை வருவதை எண்ணில் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

துறைமுகத்தில் எல்லாரும் விடும் பிழை

கொழும்புத் துறைமுகம் கையாளும் கொள்கலன்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு இந்த நாட்டுக்குள் வருவதே இல்லை. பெரிய கப்பலில் இறங்கி, சின்னக் கப்பலில் ஏறி, பெரும்பாலும் இந்தியாவுக்குப் போகின்றன. ஆகவே "கொள்கலன் எண்ணிக்கை கூடியது, நாட்டின் இறக்குமதி கூடியது" என்று எழுதினால் முழுப் பிழை. துறைமுகப் புள்ளிவிபரத்தில் கப்பல் மாற்றி ஏற்றும் சரக்கையும் உள்நாட்டுச் சரக்கையும் பிரித்து, உள்நாட்டுப் பகுதியை மட்டும் எடுங்கள்.

ஆனால் அந்த ஐந்தில் நான்கு பங்குதான் கப்பலை இங்கே வரவைக்கிறது. 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது, 1875இல் தென்மேற்கு அலைதடுப்புக்கு அடிக்கல் வைத்தார்கள், 1885இல் அது முடிந்தது. தென்கரையிலுள்ள காலி நகரத் துறைமுகத்தின் காலம் அதோடு போயிற்று. இன்றும் அதே கணக்குத்தான். 18 மீற்றர் ஆழமுள்ள முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியதால் மிகப் பெரிய கப்பலும் இங்கே நிற்க முடிகிறது, 2025இல் மேற்கு முனையமும் சேர்ந்துகொண்டது. அயல்நாட்டுச் சரக்குக்காக வரும் கப்பலில்தான் நமது சிறு நாட்டின் பருப்பும் வருகிறது. அந்தச் சரக்கு வேறு துறைமுகம் தேடிப் போனால் கப்பல் வரும் நாட்கள் குறையும், நமது கூலி ஏறும்.

துறைமுக மதிலைச் சுற்றிப் படம் எடுக்காதீர்கள். பாதுகாப்புப் பகுதி, அரைநாள் வீணாகும்.

கணக்கு

கீழே உள்ள விலை கணக்குக் காட்டுவதற்காக எடுத்தது, உங்கள் மாதத்தின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்த்துக் கொழும்பில் இறங்கும்போது கிலோ 70 அமெரிக்கச் சதம் என்று வைப்போம். டொலர் 300 என்றால் 210 ரூபா. அதே பருப்பு, டொலர் 200 ஆக இருந்திருந்தால் 140, 360 என்றால் 252. கனடாவில் ஒரு சதமும் மாறவில்லை.

இருபது அடிக் கொள்கலனில் பருப்பு ஏறத்தாழ 25 தொன் போகும், 50 கிலோ மூட்டையானால் 500. கப்பல் கூலி 1,000 டொலர் ஏறினால் கிலோவுக்கு 4 சதம், அதாவது 12 ரூபா. இதே 1,000 டொலரைப் பழைய சோனகத் தெருவுக்குப் போகும் தரை ஓட்டுக்குப் போட்டுப் பாருங்கள். சதுர மீற்றருக்கு 20 கிலோ நிறை என்றால் ஒரு கொள்கலனில் 1,250 சதுர மீற்றர், ஒவ்வொன்றிலும் 240 ரூபா ஏறும். கப்பல் கூலி முதலில் கடிப்பது பாரமான, மலிவான பொருளை.

அடுத்தது வட்டி. இதைத்தான் அநேகமானோர் விட்டுவிடுகிறார்கள். பணம் கட்டிய நாளிலிருந்து கடைக்காரரின் செக் காசாகும் நாள்வரை 45 நாள் என்றால், 210 ரூபாவுக்கு வருட வட்டி 12 சதவீதத்தில் 3 ரூபா 10 சதம், 25 சதவீதத்தில் ஆறரை ரூபா. 2022 கடைசியில் வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளருக்குக் கொடுத்த கடன் வட்டியே 25ஐத் தாண்டியிருந்தது. மேலும் துறைமுகக் கட்டணம், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் கூலி, லொறி, மூட்டைச் சிந்தல். கொள்கலனை எடுக்கத் தாமதித்தால் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். 2022இல் வங்கியில் டொலர் இல்லாமல் உணவுக் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கியபோது அந்தக் கட்டணமும் சேர்ந்து கடைசியில் சமைப்பவரின் தலையில் இறங்கியது.

வரியை வர்த்தமானி பார்த்து எழுதுங்கள், ஒருவர் வாயால் சொன்னதை எழுதாதீர்கள். அத்தியாவசிய உணவுப் பொருளுக்கு விசேட வியாபாரப் பண்ட அறவீடு கிலோவுக்கு இத்தனை என்று விதிக்கப்படும், ஒரே இரவில் மாறவும் செய்யும். வரி குறைந்தால் விலை குறைந்துவிடும் என்று முடிவுகட்டவும் கூடாது. 2020 ஒக்டோபரில் சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமானது. சில்லறை விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. 2023 நவம்பரில் மீண்டும் 50 ரூபாவாக்கினார்கள்.

நான்காம் குறுக்குத் தெரு

காலை எட்டு மணிக்கு முன்னரே போய்விடுங்கள். ஞாயிறும் போயா (பௌர்ணமி) தினமும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பல கடைகள் பூட்டியிருக்கும். லொறி இறக்கும் நேரத்தில் முதலாளியிடம் கேள்வி கேட்காதீர்கள். அவர் எரிச்சலில் சொல்லும் விலை உங்கள் அட்டவணையைக் கெடுக்கும்.

ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்துக்குள், மூன்று மொத்தக் கடைகளில் ஒரே தரத்துக்கு விலை எடுங்கள். கனடாவா அவுஸ்திரேலியாவா, மணி பெரிதா சிறிதா, புது வரவா பழையதா என்று எழுதாத விலைக்குப் பெறுமதி இல்லை. கைக்காசு விலையையும் கடன் விலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தெருவின் வட்டி. அது அகலும் வாரங்களில் முதலாளிமார் ஒருவரையொருவர் நம்பத் தயங்குகிறார்கள் என்று அர்த்தம், செய்தித்தாளில் நெருக்கடி என்ற சொல் வருவதற்கு முன்பே. எடுத்த விலையை மத்திய வங்கியின் நாளாந்த விலை அறிக்கையில் உள்ள புறக்கோட்டை மொத்த விலையோடு ஒப்பிடுங்கள். பத்து ரூபாவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் தரம் மாறியிருக்கும், திரும்பப் போய்க் கேளுங்கள்.

டொலர் ஏறிய அன்றே பழைய இருப்பின் விலையும் ஏறும். இதைக் கொள்ளை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். வியாபாரி போன மூட்டையின் விலையைப் பார்ப்பதில்லை, அடுத்த கொள்கலனுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிறார். டொலர் கால் பங்கு ஏறியிருந்தால், பழைய விலைக்கு விற்று 500 மூட்டை வாங்கிய காசில் 400தான் வாங்கலாம். டொலர் இறங்கும்போது மட்டும் "பழைய இருப்பு முடியட்டும்" என்பார்கள். ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் நாள் கணக்கில் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் நியாயமும் அநியாயமும் பிரியும், அதைச் சொல்ல உங்களிடம் திகதி இருக்கவேண்டும்.

பேச்சு முக்கியம். முஸ்லிம் கடைக்காரரை நானா என்றும், கல்லாவில் இருப்பவரை முதலாளி என்றும், நாட்டாமியை அண்ணன் என்றும் கூப்பிட்டால் பேச்சு நீளும். சிங்களத்தில் நாலு வசனமாவது வேண்டும். ஒரே கடையில் மூன்று மொழியிலும் விலை சொல்வார்கள். ஒரு மூட்டை இறக்க எவ்வளவு கூலி, எந்த ஊர் என்று நாட்டாமியிடம் கேளுங்கள். பெயர் எழுதாதீர்கள். ஒரு கொள்கலனை இறக்கும் கூலியைக் கப்பல் கூலிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தால், உலக வர்த்தகத்தில் கடைசி நூறு மீற்றரைச் சுமப்பவரின் பங்கு எவ்வளவு என்று தெரியும். அந்த வரியை விட்டுவிட்டு எழுதும் ஆய்வு அரைகுறைதான்.

வேலை முடிந்ததும் அப்படியே நடங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசல், கபோஸ் லேனில் மருந்துச் சரக்கு, அப்பால் செட்டியார் தெருவில் நகைக் கடைகளுக்கு நடுவே கதிரேசன் கோவில்கள். அந்தத் தெருவின் பெயருக்குக் காரணமான நாட்டுக்கோட்டைச் செட்டிமார்தான் ஆங்கிலேய வங்கிகள் உள்ளே விடாத சிறு வியாபாரிக்கும் தோட்டக்காரனுக்கும் ஒரு காலத்தில் கடன் கொடுத்தார்கள். 1930களின் மந்தத்தில் அந்தக் கடன் வற்றியது. 1934இல் வங்கி ஆணைக்குழு அமைந்தது, 1939இல் இலங்கை வங்கி தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிந்திய குடியுரிமை, குடிவரவுச் சட்டங்களோடு செட்டிமாரில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ஆடிவேல் தேர் மட்டும் இன்றும் அங்கிருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் புறப்படுகிறது. காசு போன வழியை ஒரு தேர்ப்பாதை நினைவு வைத்திருக்கிறது.

கடைகள் கைமாறிய காலத்தைக் கேட்கும்போது மெதுவாகக் கேளுங்கள். 1977இன் திறந்த பொருளாதாரத்தில் கைமாறியவையும் உண்டு, 1983 ஜூலையில் எரிந்து கைமாறியவையும் உண்டு. இரண்டையும் "சந்தை மாற்றம்" என்ற ஒரே தலைப்பில் போட்டால் அது பொய்யாகிவிடும்.

பிறகு

சில்லறைக்கு மூன்று இடம் போதும்: புறக்கோட்டை நடைபாதையோரக் கடை, வெள்ளவத்தைப் பலசரக்குக் கடை, ஒரு சுப்பர் மார்க்கட். ஒரே நாளில் எடுங்கள். பொதிசெய்த பருப்பின் கூடுதல் விலையில் பை, வாடகை, குளிரூட்டி எல்லாம் இருக்கின்றன. காய்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை பேலியகொடைக்கு மாறியதுபோல மொத்தக் கடைகளும் ஒருநாள் நகரத்துக்கு வெளியே போகலாம். அப்போது நாட்டாமி, தேநீர்க் கடை, லொறித் தரிப்பு எல்லாம் எங்கே போகும் என்பதற்கு உங்கள் கூலிக் கணக்கு அடிப்படையாக இருக்கும். 269 ஹெக்டயர் கடலை நிரப்பிய துறைமுக நகரத்தை இந்த ஆய்வில் ஒரு பந்தியோடு விட்டுவிடலாம். அதன் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம் 2021இல்தான் வந்தது, பருப்பின் விலையில் அதற்கு இன்னும் பங்கில்லை.

எழுதும்போது ஒரு பக்க வரைபடம், ஒரு விலை அட்டவணை. அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் திகதி, நேரம், தரம், கைக்காசா கடனா என்ற நான்கும் இருக்கவேண்டும். ஆறு வாரமும் வாரத்தின் ஒரே நாளில், ஒரே மூன்று கடையில் எடுங்கள். நடுவில் வர்த்தமானி வந்தாலோ டொலர் ஐந்து ரூபா அசைந்தாலோ மறுநாள் காலை ஒரு தடவை கூடுதலாகப் போய்வாருங்கள்.