அறிவியல் மாணவர் எந்தக் கணினி இயற்கணித மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

மும்பையில் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்கள், பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: தொகையீடும் வகைக்கெழுச் சமன்பாடும் போடுவதற்கு எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்? பெயரைச் சொல்வதற்கு முன்பு, கடந்த பருவத்தின் நோட்டைத் திறந்து, கையால் போட்டதில் நீளமாகவும் சலிப்பாகவும் இருந்த ஐந்து கணக்குகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். அந்த ஐந்தையும் போட்டுப் பார்க்காமல் செய்யும் எந்தத் தேர்வும் பிறர் சொல்லைக் கேட்டுச் செய்த தேர்வாகவே இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மேட்லாப், சைலாப் போன்றவை அடிப்படையில் எண்களைக் கொண்டு கணக்கிடுபவை. அவற்றில் 2-இன் வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் பூச்சியம் வராது. தசமப் புள்ளிக்குப் பிறகு பதினைந்து பூச்சியங்கள் கடந்து ஒரு சிறு எச்சம் நிற்கும். கணினி இயற்கணித மென்பொருளோ வர்க்கமூலத்தைக் குறியீடாகவே வைத்துக்கொள்வதால் சரியாகப் பூச்சியத்தைத் தரும். உங்கள் ஐந்து கணக்குகளும் அளவீட்டுத் தரவுகளுக்குக் கோடு பொருத்துவது, வரைபடம் வரைவது என்று இருந்தால் உங்களுக்கு வேண்டியது இயற்கணித மென்பொருளே அல்ல. (மேட்லாபில் குறியீட்டுக் கணக்குக்கென்று ஒரு கருவித்தொகுப்பு உண்டு; ஆனால் அதைத் தனியாகப் பெற வேண்டும்.)

இனி சோதனைக்கு வருவோம். நான் எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்வது தடையுறு அலைவுக்கான, அதாவது வில்லில் கட்டிய எடையின் ஆட்டம் தடையால் அடங்குவதற்கான, சமன்பாடு. நிறை, தடைக்கெழு, வில் மாறிலி மூன்றையும் எண்களாகக் கொடுக்காமல் எழுத்துகளாகவே கொடுத்துத் தீர்வு கேளுங்கள். மேக்சிமா என்ற இலவச இயற்கணித மென்பொருள் உடனே விடை சொல்லாமல் உங்களையே திருப்பிக் கேட்கும்: தடைக்கெழுவின் வர்க்கம், நிறையையும் வில் மாறிலியையும் பெருக்கி வருவதன் நான்கு மடங்கைவிடப் பெரியதா, சிறியதா, சமமா? புதிதாக வருபவர்களுக்கு இந்தக் கேள்வி எரிச்சலூட்டும். ஆனால் அலைந்து அடங்குவது, அலையாமலே அடங்குவது, இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லை நிலை என்று வகுப்பில் மூன்றாகப் பிரித்துப் படித்தது எதனால் என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கிவிடும். பைத்தான் நிரல்மொழியில் இயங்கும் சிம்பை அப்படிக் கேட்பதில்லை. வர்க்கமூலத்தை உள்ளே வைத்த ஒரு பொது விடையைத் தந்துவிட்டு, நிலைகளைப் பிரித்துப் பார்க்கும் பொறுப்பை உங்களிடம் விடும். எது உங்கள் சிந்தனைக்கு ஒத்துவருகிறது என்பதை இந்த ஒரு கணக்கிலேயே கண்டுகொள்ளலாம்.

மேக்சிமாவின் மூலம், 1968-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மேக்சைமா என்ற திட்டம். வில்லியம் ஷெல்டர் 1982 முதல் அதன் ஒரு பிரதியைப் பேணிவந்து, 1998-இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அனுமதி பெற்று அதைக் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். டபிள்யூஎக்ஸ்மேக்சிமா என்ற முகப்புடன் நிறுவினால் பழைய மடிக்கணினியிலும் ஓடும், இணையம் தேவையில்லை. இளங்கலை இயற்பியல், வேதியியல் மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அதில் e என்ற ஆங்கில எழுத்தைத் தனியாக எழுதினால் அது வெறும் மாறியாகவே கொள்ளப்படும், இயல் மடக்கையின் அடிமானம் வேண்டுமானால் முன்னால் % குறி இட வேண்டும்.

பைத்தான் ஏற்கெனவே தெரிந்தவர்கள், அல்லது தரவுப் பகுப்பாய்வுப் பக்கம் போக நினைப்பவர்கள் சிம்பையை எடுத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் குறியீடாகக் கண்ட விடையை அப்படியே எண் கணக்குக்கான நம்பை தொகுப்புக்கு மாற்றி வரைபடம் வரைந்துவிடலாம். உலாவியிலேயே பைத்தானை இயக்கும் கூகுள் கோலாபில் அது முன்கூட்டியே இருப்பதால் கைப்பேசியில்கூடத் தொடங்கலாம். பைத்தானில் அடுக்கைக் குறிக்க ^ பயன்படாது, ** என்றே எழுத வேண்டும். 1/3 என்று எழுதினால் பின்னம் தசமமாக மாறிவிடும் என்பதால் அதைப் பின்னம் என்று தனியே அறிவிக்க வேண்டும். முதல் வாரத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தே வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

கணித மாணவருக்கு, குறிப்பாக எண் கோட்பாடும் குலக் கோட்பாடும் படிப்பவருக்கு, வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய சேஜ் பொருத்தமானது. மேக்சிமா, பாரி, கேப், சிங்குலர் முதலிய கணித மென்பொருள்களை உள்ளடக்கி, எல்லாவற்றையும் பைத்தான் நடையில் இயக்கவைக்கிறது. ஆனால் வட்டில் நிறைய இடம் எடுக்கும். விண்டோஸில் நேரடியாக நிறுவாமல் விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் துணையமைப்பின் வழியே நிறுவ வேண்டியிருக்கும். 4 ஜிபி நினைவகமுள்ள கணினி என்றால் மும்பையின் கணினிச் சந்தையான லேமிங்டன் ரோட்டுக்குப் போய் நினைவகத்தைக் கூட்டிக்கொண்ட பிறகு முயலுங்கள். துகள் இயற்பியலின் மிக நீண்ட கோவைகளுக்கு ஃபார்ம் என்றொரு தனிக் கருவி இருக்கிறது. அது முனைவர் பட்டக் காலத்துக்கு உரியது.

விலைகொடுத்து உரிமம் பெற வேண்டிய மேத்தமேட்டிகாவும் மேப்பிளும் திறமையானவை. கடினமான தொகையீடுகளில் இலவச மென்பொருள்கள் கைவிடும் இடங்களிலும் பலமுறை விடை கண்டுவிடும். உங்கள் கல்லூரியில் உரிமம் இருந்தால் தயங்காமல் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் என் முதுகலை ஆய்வுத்திட்டம் முழுவதையும் துறையின் உரிமத்தில் இயங்கிய ஒரு மென்பொருளில் செய்துவிட்டு, படிப்பு முடிந்த மாதத்தில் என் கோப்புகளையே மீண்டும் இயக்க முடியாமல் நின்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இரண்டு மாத உழைப்பை மேக்சிமாவில் மறுபடியும் எழுதினேன். ஆகவே கல்லூரி உரிமத்தில் வேலை செய்பவர், முக்கியமான கணக்குகளை ஒரு கட்டற்ற மென்பொருளிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

உதவி கிடைக்குமா என்பதையும் பாருங்கள். பவாயில் உள்ள ஐஐடி பம்பாயில் தொடங்கப்பட்ட ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், திறந்த மூல மென்பொருள்களுக்கான குறும்பாடங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் இலவசமாகத் தருகிறது. ஆங்கில விளக்கத்தில் தடுமாறும் முதல் தலைமுறை மாணவர்கள் அங்கிருந்து தொடங்கித் தெளிவாகக் கற்றுக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாறிகளைப் பற்றி நீங்கள் சொல்லாத எதையும் மென்பொருள் அறியாது. எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால், சிம்பை அதை அப்படியே திருப்பித் தரும். எக்ஸ் மெய்யெண் என்று அறிவித்தால் மட்டு மதிப்பைத் தரும். மிகை எண் என்று அறிவித்தால்தான் எக்ஸ் என்று தரும். மூன்றுமே சரியான விடைகள். எனவே நிறை, வெப்பநிலை, நீளம் போன்றவற்றை மிகை எண்கள் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தொகையீட்டு விடையை வகையிட்டு, மூலக் கோவையிலிருந்து கழித்துப் பூச்சியம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பதறாமல் இரண்டு மூன்று எண்களை இட்டுப் பாருங்கள், ஏனென்றால் சுருக்கப்படாத பூச்சியம் பூச்சியம் போலவே தெரியாது. செய்முறை நோட்டில் விடையை எழுதும்போது மென்பொருளின் பெயர், பதிப்பு எண், நீங்கள் அறிவித்த நிபந்தனைகள் மூன்றையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.